தூக்கம், மனச்சோர்வு, மறதி: கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைமேலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி. மேலே கேரளப் பக்கம் குமுளி, வண்டன்மேடு, வண்டிப்பெரியாறு. இந்தப் பக்கத்து ஆட்கள் மனநல ஆலோசனைக்கு வந்தால் எடுத்த எடுப்பில் மனசைப் பற்றிப் பேசுவது அபூர்வம். "பொட்டுத் தூக்கம் இல்ல சார்", "எதை எங்க வச்சேன்னே ஞாபகம் வரமாட்டேங்குது", "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கே: தூக்கம் கெட்டதால மனசு கெட்டுச்சா, மனசு கெட்டதால தூக்கம் போச்சா?

ப: இரண்டும் நடக்கும். தூக்கமின்மையை மனச்சோர்வின் ஒரு வால் மாதிரித்தான் மருத்துவர்களே நெடுநாள் பார்த்தார்கள். மனசு தேறினால் தூக்கம் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2011இல் வந்தது. மனச்சோர்வே இல்லாத, ஆனால் தூக்கம் மட்டும் வராத ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், நன்றாகத் தூங்குகிறவர்களைவிட அவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மறுபக்கம், மனச்சோர்வு உள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்குத் தூக்கத் தொந்தரவு இருக்கிறது.

தூங்காத மூளையில் பயம், கோபம் சம்பந்தப்பட்ட பகுதி சின்ன விஷயத்துக்கும் துள்ளும். அதை அடக்கி வைக்கும் நெற்றிப் பக்கத்து மூளை அன்றைக்கு மந்தமாக இருக்கும். மாமியார் சாதாரணமாகக் கேட்ட ஒரு வார்த்தை ராத்திரி தூங்காத மருமகளுக்குச் சுருக்கென்று தைப்பது இதனால்தான். அது நாலு நாளில் சரியாகிவிடும். நாலு மாசம் நீடித்தால் மனசு அந்த நிலையிலேயே உட்கார்ந்துவிடும். அப்புறம் மனச்சோர்வு தன் பங்குக்குத் தூக்கத்தைப் பிடுங்கும். எது முதலில் வந்தது என்று பஞ்சாயத்து வைப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

கே: நான் ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போறேன். வெள்ளன மூணு மணிக்கு எந்திரிக்கணும். மொத்தமே அஞ்சு மணி நேரம்தான் தூக்கம். எனக்குத் தூக்க வியாதியா?

ப: அனேகமாக இல்லை. உங்களுக்கு இருப்பது தூக்கப் பற்றாக்குறை.

விடியாத இருட்டில் கம்பத்தில் ஜீப் ஏறுகிற இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். மடியில் சாப்பாட்டு வாளி, காதை மூடித் துண்டு, ஜீப் கிளம்புமுன்னே பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை சாய்ந்துவிடும். தூக்கம் வராத வியாதிக்காரருக்கு அப்படி வராது. உங்களுக்குத் தூக்கம் தயாராக இருக்கிறது, தூங்கத்தான் நேரம் இல்லை. சாயங்காலம் மலையிறங்கி வந்து, கடைக்குப் போய், சமைத்து, பிள்ளையைப் படிக்க வைத்து, பாத்திரம் கழுவிப் படுக்கும்போது மணி பத்து.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வேலையில்லாத நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் அசந்து தூங்கினால் பற்றாக்குறை. அன்றைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் தூக்கமின்மை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். முதலாமவருக்குப் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும், இரண்டாமவருக்குக் குறைக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குள் வாழ்கிற பெண்ணுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பது வைத்தியமே இல்லை. மூன்று மணிக்கு எழும்போது மாத்திரையின் மயக்கம் பாதி உடம்பில் இருக்கும், அதோடு ஈரமான மலைச்சரிவில் நிற்க வேண்டும்.

பற்றாக்குறைதானே என்று விட்டுவிடவும் முடியாது. பெரியவர்களுக்கு இரவுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். வருஷக்கணக்காக அது கிடைக்காவிட்டால் மனசும் சேர்ந்து சாயும். இதற்கு மருந்து அடுப்படியில் இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து புதுச்சோறு வடித்தே ஆக வேண்டுமா? ராத்திரியே குழம்பு வைத்துவிடலாம். வீட்டு ஆம்பளையோ, வளர்ந்த மகனோ காலைச் சமையலில் ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் மிச்சம். இதைச் சொன்னால் பல வீடுகளில் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் நாங்கள் கணவரையும் உட்கார வைத்தே சொல்கிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷம் கண் அசந்தாலும் பின்னேர வேலைக்கு உதவும்.

கே: எத்தனை நாள் தூங்கலைன்னா டாக்டர்கிட்ட போகணும்?

ப: தூங்க நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் வராமல் அல்லது நடுவில் கலைந்து, பகல் பாடு கெட்டு, அப்படி மூன்று மாதம் போனால் அதைத் தூக்கமின்மை நோய் என்பார்கள். அதற்காக மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனசும் சேர்ந்து விழுகிறது என்றால் இரண்டு வாரமே போதும்.

கே: சாதாரணத் தூக்கக் குறைச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

ப: மனச்சோர்வில் ஒரு தனி மாதிரி உண்டு. படுத்ததும் தூக்கம் வந்துவிடும். மூன்று, நான்கு மணிக்குப் பொசுக்கென்று முழிப்புத் தட்டும், திரும்ப வராது. அந்த நேரத்தில் மனசு மிக மோசமாக இருக்கும். பழைய கடன், செத்துப்போன அண்ணன், பிள்ளையின் படிப்பு எல்லாம் வரிசையாக வரும். பகல் ஏற ஏறக் கொஞ்சம் லேசாகி, சாயங்காலம் ஆள் பரவாயில்லை என்று தோன்றும். வீட்டார் சாயங்காலத்து முகத்தைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கான்" என்பார்கள்.

சிலருக்கு, அதிலும் இளவயதுக்காரர்களுக்கு, இது தலைகீழாக வரும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீராது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது இங்கே அதிகம்.

தூக்கத்தோடு வேறு எவையெல்லாம் போயின என்று பாருங்கள். பசி, பேச்சு, டிவி, கோயில் திருவிழா, பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது என்று எதிலும் ஒட்டுதல் இல்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் அது வெறும் தூக்கக் குறைச்சல் அல்ல. மனச்சோர்வை அளக்க மருத்துவமனைகளில் ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு, பிஎச்கியூ-9 என்று பெயர். அதில் மூன்றாவது கேள்வியே தூக்கம் பற்றியதுதான்.

கே: கணக்கு தப்புது, பேர் மறக்குது. மூளை கெட்டுப்போச்சா?

ப: கெட்டுப்போகவில்லை. வேலை செய்யத் தேவையானது அதற்குக் கிடைக்கவில்லை. தூக்கம் குறைந்தால் முதலில் அடி வாங்குவது கவனம். காதில் விழுந்ததே உள்ளே பதியாவிட்டால் அப்புறம் ஞாபகத்தில் தேடி எப்படிக் கிடைக்கும்? பகலில் படித்ததையும் பார்த்ததையும் மூளை ஆழ்ந்த தூக்கத்தில்தான் நிலையாக அடுக்கி வைக்கிறது. பரீட்சைக்கு விடிய விடியப் படித்துவிட்டுப் போகும் பிள்ளைகள் தாளைப் பார்த்ததும் முழிப்பதற்கு இது ஒரு காரணம்.

மனச்சோர்வும் தன் பங்குக்கு யோசனையை மெதுவாக்கும். இரண்டு சட்டையில் எதைப் போடுவது என்று முடிவெடுக்கவே திணறுவார்கள்.

இதில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவைத் தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். இரண்டு வாரத்தில் அவர்களின் கவனம் ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு, சில சோதனைகளில் இரண்டு இரவு தூங்காதவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. ஆனால் அவர்களைக் கேட்டால் "கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்றார்கள். தன் மூளை எவ்வளவு மந்தமாகிவிட்டது என்பது தனக்கே தெரியாமல் போகிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தினம் ஏறி இறங்குகிற டிரைவரும், ராத்திரி காய்கறி லோடு ஏற்றி கோட்டயம் போய்வருகிற டிரைவரும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் முழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும். "எனக்குப் பழகிருச்சு" என்று சொல்கிறவரிடம் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

கே: அம்மாவுக்கு 68 வயசு. அப்பா இறந்ததிலிருந்து தூங்கறதில்ல, எல்லாத்தையும் மறந்துடறாங்க. டிமென்ஷியாவா?

ப: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்க்காமல் முத்திரை குத்தாதீர்கள். வயதானவர்களின் மனச்சோர்வு அச்சு அசல் டிமென்ஷியா என்கிற மறதி நோய் மாதிரியே வேஷம் போடும். மனச்சோர்வில் இருப்பவர் கேள்வி கேட்டால் "தெரியலப்பா, எனக்கு எல்லாம் மறந்துபோச்சு" என்று தானே குறைபட்டுக்கொள்வார். மறதி நோயில் பெரும்பாலும் அவர் மறதியை மறைப்பார் அல்லது ஒத்துக்கொள்ளவே மாட்டார், வீட்டார்தான் புகார் சொல்வார்கள். மனச்சோர்வில் எப்போதிலிருந்து என்று ஏறத்தாழத் தேதி சொல்லலாம். மறதி நோய் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல் ஊர்ந்து வரும். இது ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல. இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு.

தைராய்டு, பி12, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அம்மா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையே மறதியைத் தரலாம். வருஷக்கணக்கில் குறைந்த தூக்கத்துக்கும் பிற்கால மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2021இல் இங்கிலாந்து அரசு ஊழியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு சொன்னது. ஐம்பது, அறுபது வயதில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு அந்த நோய் கூடுதலாக வந்தது. தொடர்பு என்றுதான் சொல்லலாம், அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நேற்று தூங்கவில்லை என்பதால் நாளைக்கு மறதி நோய் வந்துவிடும் என்று பயந்து இன்னொரு ராத்திரியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே: மெடிக்கல்ல ஒரு மாத்திரை கொடுத்தாங்க, நல்லா தூக்கம் வருது. தொடரலாமா?

ப: மணிபர்ஸில் நாலு மாத்திரை மிச்சமிருக்கும் அட்டையை வெளியே எடுத்து, "இதேதான் சார், வேற ஒண்ணும் வேணாம்" என்பவர்கள் உண்டு. அட்டையைத் திருப்பினால் அல்பிரசோலம் அல்லது குளோனாசெபம். எழுதிக் கொடுத்தவர் யார் என்றால் பதில் வராது.

இந்த வகை மாத்திரைகள் சில நாள், சில வாரத்துக்கு உபயோகமானவை. அதன் பிறகு உடம்பு பழகும், அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். கவனமும் ஞாபகமும் மழுங்கும். பெரியவர்கள் ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். அல்பிரசோலம் போன்றவை எச்1 பட்டியலில் இருப்பவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மலைமேல் ஒரு கடை, கீழே ஒரு கடை என்று மாறி மாறி வாங்கினால் யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் உடம்புக்கு எல்லைக் கணக்கு கிடையாது.

அதைவிட முக்கியமாக, மாசக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை நடுங்கும், தூக்கம் முன்பைவிட மோசமாகப் போகும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

கே: அப்போ மாத்திரை இல்லாம என்னதான் செய்யறது?

ப: நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம் பேச்சும் பழக்கமும்தான். அறிதல் நடத்தை சிகிச்சை என்று பெயர். அமெரிக்க மருத்துவர் சங்கங்களில் ஒன்று 2016இல் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. நாலு முதல் எட்டு சந்திப்பில் முடியும். இதன் சாரம் கேட்பவருக்கு எரிச்சலையே தரும்: தூக்கம் வராதவர் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வோம்.

கூடலூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார், ஆறு மணிக்கு எழுகிறார். ஒன்பது மணி நேரம் கிடந்தும் தூங்கியது ஐந்தரை. ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொல்லி இதைக் கண்டுபிடிக்கிறோம். பிறகு, பன்னிரண்டரைக்குப் படுங்கள், ஆறு மணிக்கு எழுந்துவிடுங்கள் என்போம். "தூங்கறதே இல்ல, அதையும் பிடுங்குறீங்களே" என்பார். முதல் வாரம் பகலில் கண்ணைச் சுற்றும். ஆனால் தூக்கம் சிதறாமல் ஒரே துண்டாகச் சேரும். கிடந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமானதும் கால் மணி நேரமாகக் கூட்டுவோம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாரையும் இறக்குவதில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மனம் பொங்கி எழுகிற இருமுனை நோய் உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யவே கூடாது.

அடுத்தது, படுக்கை தூக்கத்துக்கு மட்டும். செல்போன், வட்டிக் கணக்கு, சண்டை எல்லாம் வெளியே. ஒரே அறை வீடு என்றால் பாயை விரிப்பதே தூங்கத்தான் என்று வையுங்கள், மற்ற நேரம் சுருட்டி வையுங்கள். இதில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டுக்காரர்களுக்குக் கட்டில் வீட்டுக்காரர்களைவிட வசதி. இருபது நிமிஷம் போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பப் போங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மட்டும் மாறக்கூடாது. காலை வெயில் முகத்தில் படட்டும், உடம்புக் கடிகாரத்தைத் திருத்துவது அந்த வெளிச்சம்தான்.

டீ விஷயம். தேயிலை மலையில் இருந்துகொண்டு டீயை விடச் சொன்னால் அடிக்க வருவார்கள். விட வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆகவே மத்தியானம் மூன்றோடு கடைசி.

கே: ஒரு குவார்ட்டர் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருதே?

ப: வரும். சரியாக ரெண்டு, மூணு மணிக்கு அது இறங்கியதும் முழிப்பும் வரும். முன்ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பின்ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். மனச்சோர்வையும் ஆழமாக்கும்.

கே: வீட்டுக்காரர் பலமா குறட்டை விடுவார். எட்டு மணி நேரம் தூங்கறார், ஆனா பகல் முழுக்கத் தூங்கி விழறார், எரிஞ்சு விழறார்.

ப: குறட்டை நடுவில் நின்று, மூச்சே இல்லாமல் சில விநாடி போய், திணறிக்கொண்டு மறுபடி இழுக்கிறாரா? அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். ராத்திரியில் பலமுறை மூளை அரைகுறையாக முழிப்பதால் எட்டு மணி நேரமும் வீண். எரிச்சல், மறதி, சோர்வு என்று மனச்சோர்வு போலவே காட்டும். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தும் தேறாத சிலரிடம் கடைசியில் இதுதான் அகப்படும். எடை குறைப்பு, ஒருக்களித்துப் படுப்பது, தேவைப்பட்டால் மூச்சுக்குக் காற்றழுத்தம் தரும் கருவி. இவருக்குத் தூக்க மாத்திரையும் மதுவும் ஆபத்து.

கே: படுத்தா கால் குடையுது. ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் நிம்மதி.

ப: ரத்தத்தில் இரும்புச் சத்து பாருங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது அதிகம், இரும்புச் சத்து ஏறினால் பலருக்குக் குறைந்துவிடும்.

கே: மனச்சோர்வு மாத்திரையில மனசு தேறிருச்சு. தூக்கம் மட்டும் வரல. விட்டுடலாமா?

ப: விடாதீர்கள். மனசு தேறியும் தூக்கமின்மை மிச்சம் இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். சில மாத்திரைகள் சிலருக்கு முழிப்பைத் தரும், காலையில் போடும்படி மாற்றினாலே சரியாகும். தூக்கம் தருகிற வேறு மருந்தும் உண்டு. மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள் பலர். மனசில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும்.

கே: ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா மனச்சோர்வு போயிருமாமே?

ப: கேட்க விநோதமாக இருந்தாலும் இதில் உண்மை உண்டு. 1970களிலிருந்தே தெரிந்த விஷயம்: ஒரு ராத்திரி முழுக்க முழிக்க வைத்தால் மனச்சோர்வு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுநாள் மனசு லேசாகிறது. தூங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்குப் பழைய நிலைமை திரும்பிவிடுகிறது. மருத்துவமனையில், மேற்பார்வையோடு செய்யும் காரியம் அது. வீட்டில் வேண்டாம்.

இதோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. இரண்டு, மூன்று மணி நேரம் மட்டும் தூங்கியும் அசதியே இல்லாமல், ஓயாமல் பேசி, காசை வாரி இறைத்து, பெரிய பெரிய திட்டம் போடுகிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் அது குணமானதன் அடையாளம் அல்ல. இருமுனை நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கே: ராத்திரி முழிச்சுக் கிடக்கும்போது செத்துறலாம்னு தோணுது.

ப: அதைக் காலை வரைக்கும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். தூக்கமின்மையே இந்த எண்ணத்தைக் கூட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு சுகாதார உதவி எண்களும் உண்டு: தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திசா எண் 1056.

வீட்டாருக்கு: ஏலத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து டின் வீட்டுக்குள் இருக்கிறதா? இன்றைக்கே வெளியேற்றுங்கள். தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைக்கலாம், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். மாத்திரை அட்டைகளும் மொத்தமாக அவர் கையில் வேண்டாம். அந்த எண்ணம் பெரும்பாலும் அலையாக வந்து தணியும், அது வருகிற நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டியது போல ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். ஆகாது.

கே: எங்கே காட்டுறது? மலைமேல டாக்டருக்குத் தமிழ் சரியா வராது, எங்களுக்கு மலையாளத்துல மனசைச் சொல்ல வராது.

ப: கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலையாளம் மனசைச் சொல்லப் போதாது, நியாயம்தான். கீழே க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்தார் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கும் போகிறார்கள். இரு மாநிலத்திலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் சுற்றுவட்டார அரசு மருத்துவமனைகளுக்கு வரும். எந்தக் கிழமை என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடமோ ஊருக்குள் வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடமோ கேட்டால் சொல்வார்கள்.

போகும்போது ஒரு வாரத் தூக்கக் கணக்கு எழுதிய தாள், சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டை, பக்கத்தில் படுக்கிற ஒரு ஆள், இந்த மூன்றையும் கூட்டிப் போங்கள். குறட்டையும் தூக்கத்தில் உளறுவதும் மூன்று மணி முழிப்பும் உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.